நானூறு நரிகளும் மாகர்டு வெள்ளையும்

கென்டக்கி மலைகளுக்கு இடையே கிடக்கும் பீச் கிரீக் பள்ளத்தாக்கில், இருவர் ஒரே நேரத்தில் ஒரு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டால், அடுத்த கால் மணி நேரத்துக்கு அந்த வாசல் வழியாக எவரும் உள்ளே போக முடியாது. "நீங்க போங்க" என்பார் ஒருவர். "ஐயோ, நீங்க மொதல்ல" என்பார் மற்றவர். ஒரு முறை தபால் நிலையத்து வாசலில் இப்படி நின்ற இருவர், நிலையம் மூடப்பட்ட பிறகு கையில் கடிதத்தோடேயே வீடு திரும்பினர். இதை ஊரார் குறையாகக் கருதுவதில்லை. நல்ல வளர்ப்பு என்று கருதுகின்றனர்.

அந்த வளர்ப்புக்குத் திட்டவட்டமான விதிகள் உண்டு. ஒன்றைத் தர முன்வருபவர் ஒரே ஒரு முறைதான் கேட்க வேண்டும். பெறுபவர் ஒரு முறை மறுத்தே ஆக வேண்டும். மறுத்த பிறகும் மீண்டும் கேட்டால் அது நச்சரிப்பு. மறுத்தவரே திரும்பி வந்து வாங்கிக்கொண்டால் அது வெட்கக்கேடு. இவ்விரண்டுக்கும் அஞ்சியே அப்பள்ளத்தாக்கில் எத்தனையோ நல்ல காரியங்கள் முதல் மறுப்போடு நின்றுபோயின.

ஹார்லிஸ் மாகர்டு தம் அறுபத்தொரு வயதில் ஒரு முறைகூட இவ்விதிகளை மீறியதில்லை. பாப்டிஸ்டு சபையின் மூத்த டீக்கன், அதாவது பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவர். மூன்று ஏக்கர் நிலத்தில் ஒரே ஒரு பயிரைத்தான் வைப்பார். அது 'மாகர்டு வெள்ளை' என்னும் மக்காச்சோளம். பன்னிரண்டடி உயரம் வளரும். ஒரு செடிக்கு ஒரு கதிர். இரண்டு கதிர் வைத்தால் அச்செடி ஆடம்பரம் செய்வதாக ஹார்லிஸ் ஐயுறுவார். மணிகள் பாலைப் போல் வெளுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் கட்டைவிரலால் அழுத்தியதைப் போல ஒரு குழியோடு இருக்கும். எந்தக் கடையிலும் அவ்விதை கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் நல்ல கதிர்களைத் தேர்ந்து விதைக்கு எடுத்து வைக்க வேண்டும்; அடுத்த ஆண்டு அதையே விதைக்க வேண்டும். நான்கு தலைமுறைகளாக அப்படித்தான் நடந்து வந்தது.

இதில் ஒரே ஒரு தொல்லை காற்று. மக்காச்சோளத்தின் உச்சியில் இருக்கும் ஆண்பூவிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுபோய், கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல்களில் சேர்ப்பது காற்றின் வேலை. யாருடைய மகரந்தம், யாருடைய பட்டு என்று காற்று விசாரிப்பதில்லை. பக்கத்தில் எவராவது வேறு நிறச் சோளம் போட்டிருந்தால், அதே ஆண்டிலேயே வெள்ளைக் கதிரில் அந்நிய நிற மணிகள் பல்லிளிக்கும். நல்ல வேளையாக இரண்டு மைல் சுற்றளவில் வேறு எவரும் சோளம் போடவில்லை. அதோடு, ஆபத்துக் காலத்துக்கென்று இரண்டு ஜாடி விதையை ஹார்லிஸ் உறைபெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தார்.

ஜனவரியில் அவருடைய மனைவி ஓமா, அவ்விரண்டு ஜாடிகளையும் சுண்ணாம்பில் வேகவைத்து, பன்றிக்கொழுப்பில் வதக்கி, சபை விருந்துக்குக் கொண்டுபோனாள். எல்லாரும் இரண்டு முறை வாங்கி உண்டனர்.

"ஓமா, அந்த ஜாடிமேல என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்தியா?"

"பாத்தேன். 'தொடாதே'ன்னு எழுதியிருந்துச்சு."

"பின்ன ஏன் தொட்ட?"

"இந்த வீட்டுல நீ 'தொடாதே'ன்னு எழுதாத சாமான் எது ஹார்லிஸ்? என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுல கூட எழுதி ஒட்டியிருக்க. எழுதினதையெல்லாம் மதிச்சிருந்தா நான் கல்யாணமான வருஷமே பட்டினியில செத்திருப்பேன்."

ஆக, அவ்வாண்டு விதைப்புக்கென்று கொட்டகையில் ஒரு தகரப் பீப்பாயில் இருந்ததுதான் உலகத்தில் மிச்சமிருந்த மாகர்டு வெள்ளை. அது நிலத்துக்குள் போய்விட்டால், விளைந்து வருவது மட்டுமே விதை. விளைச்சல் கலப்பாகிவிட்டால், நான்கு தலைமுறையின் உழைப்பு அதோடு முடிந்தது.

இந்நிலையில் மார்ச் மாதத்தில், ஓடைக்கு மேற்கே இருந்த வீட்டுக்கு டெல்ஃபியா ஸ்டாம்பர் குடிவந்தாள். ஐம்பத்தைந்து வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கக்கூடியவள். அவளும் இப்பள்ளத்தாக்கின் வேறொரு கோடியில் பிறந்தவள்தான் என்பதால், வந்த இரண்டாம் நாளே ஓடைக்கரைக்கு வந்து முறையாக விஷயத்தைச் சொன்னாள்.

"பிரதர் ஹார்லிஸ், எங்க அத்தை சாகறப்போ எனக்குன்னு ஒரு மூட்டை நீலச் சோளம் விட்டுட்டுப் போயிருக்காங்க. இந்தப் பக்கம் பன்னெண்டு வரிசை போடலாம்னு இருக்கேன். ஆனா என்னால உங்க வெள்ளைக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. நீங்க மொதல்ல விதைங்க. மூணு வாரம் கழிச்சு நான் விதைக்கறேன். உங்களுது பூத்து முடிஞ்ச பெறகுதான் என்னுது பூக்கும்."

'மிகவும் நன்றி, அப்படியே செய்வோம்' என்பதுதான் அறிவுள்ளவன் சொல்லும் பதில். ஆனால் முதல் மறுப்பு ஹார்லிஸின் நாக்கு நுனியில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருந்தது.

"சேச்சே, நல்லா இருக்கே! புதுசா வந்திருக்கீங்க. நீங்க மொதல்ல போடுங்க சிஸ்டர். நான் பொறுத்துக்கறேன்."

"ஐயோ, நீங்க பெரியவரு."

"நீங்க விருந்தாளி மாதிரி."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"சொல்லாம எப்படி?"

இருவரும் மிகுந்த மனநிறைவோடு பிரிந்தனர். மற்றவர் முதலில் விதைக்கட்டும் என்று இருவருமே உறுதி பூண்டனர்.

ஓக் மரத்தின் தளிர் அணில் காதளவு வந்தால் சோளம் விதைக்க வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஏப்ரல் கடைசியில் தளிர் அணில் காதளவு வந்தது. ஹார்லிஸ் ஓடைக்கு அப்பால் பார்த்தார். டெல்ஃபியாவின் நிலம் உழுதபடியே கிடந்தது. தளிர் பூனைக் காதளவு வந்தது. பிறகு முயல் காதளவு வந்தது. மே மாதக் கடைசியில் அது கோவேறு கழுதையின் காதையும் தாண்டிப் போயிற்று. இரண்டு நிலங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வெறுமனே கிடந்தன.

"போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்" என்றாள் ஓமா.

"ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு. மறுபடியும் போய் எப்படிக் கேக்கறது? ஊர்ல என்ன நெனப்பாங்க?"

"பைத்தியம்னு நெனப்பாங்க. அதை இப்பவே நெனைச்சுக்கிட்டுதான் இருக்காங்க. நீ ஒண்ணும் புதுசா செலவழிக்க வேண்டியதில்ல."

ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, ஹார்லிஸ் தம் அறிவைப் பயன்படுத்தினார். நமக்கு வழிவிட்டுத்தான் அந்த அம்மாள் காத்திருக்கிறாள். நாம் விதைத்தது தெரிந்தால் மூன்று வாரம் கழித்து அவளும் விதைப்பாள். ஆகவே நாமே தொடங்கிவிடுவதுதான் உண்மையான மரியாதை என்று தீர்மானித்தார். அதிகாலையிலேயே இறங்கி, பொழுது சாய்வதற்குள் மூன்று ஏக்கரையும் விதைத்து முடித்தார். அதே திங்கட்கிழமை, அதே அதிகாலையில், ஓடைக்கரை மூங்கில் புதருக்கு அப்பால், டெல்ஃபியாவும் தன் அறிவைப் பயன்படுத்தினாள்.

எட்டு நாள் கழித்து இருவரும் ஓடைக்கரையில் சந்தித்தனர். இரு பக்கமும் இரண்டு அங்குல உயரத்தில் பச்சை முளைகள் வரிசை பிடித்து நின்றன.

"மன்னிச்சுக்கங்க பிரதர். என் தப்பு."

"இல்லவே இல்ல. முழுக்க என் தப்பு."

இத்தகராறு அரை மணி நேரம் நீடித்தது. இறுதியில் டெல்ஃபியா சொன்னாள்: "ஒண்ணு செய்யறேன். பூக்கற காலம் வரட்டும். என்னுது மணி பிடிச்ச உடனே பூவை மொத்தமா ஒடிச்சுப் போட்டுடறேன். என்ன சொல்றீங்க?"

அதுதான் வழி. அதைவிட நல்ல வழியை எந்த வேளாண் கல்லூரியும் கண்டுபிடித்ததில்லை. "ஐயய்யோ, அதெல்லாம் வேண்டவே வேண்டாம்!" என்றார் ஹார்லிஸ். டெல்ஃபியா முறைப்படி தலையசைத்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

மாவட்ட வேளாண் அலுவலகத்துக்கு அவர் தொலைபேசியில் பேசியபோது, ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: "மூணு ஏக்கரையும் காப்பாத்த முடியாது சார். விதைக்கு மட்டும் காப்பாத்துங்க. இருநூறு செடியில கைவையுங்க, பத்து இருபது போனாலும் தாங்கும். ரொம்பக் கொறஞ்சா ரகம் நோஞ்சானாயிடும். பட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே கதிருக்கு ஒரு பேப்பர் பை மாட்டுங்க. பூவுக்கு ஒரு பை. காலையில பனி காஞ்சதும் பூப்பையை உலுக்கி, மகரந்தத்தையெல்லாம் ஒரு டப்பாவுல கலந்து, நீங்களே பட்டுமேல தூவுங்க. தூவினதும் மறுபடி மூடிடுங்க."

"அப்ப நானூறு பை வேணும்."

"நானூறு பை வேணும் சார். நனைஞ்சா கிழியாத பையா இருக்கணும்."

ஊர்க் கடையில் ஒரு பைகூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஆள் வாங்கிச் சென்றுவிட்டதாகக் கடைக்காரர் வருத்தத்தோடு தெரிவித்தார். அந்த ஆள் ஓமா. சபையின் கோடை வேதப்பள்ளிப் பிள்ளைகள் காகிதப் பைகளில் கண்ணும் காதும் ஒட்டிப் பொம்மைகள் செய்திருந்தனர்.

"எத்தனை பொம்மை ஓமா?"

"நோவாவோட பேழை. எல்லா மிருகமும் சோடி சோடியா வேணுமே. ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் ஆறு பை ஆச்சு."

அஞ்சலில் வரவழைத்தால் மூன்று வாரம் ஆகும். கதிர்களோ தாள்களுக்குள்ளிருந்து தலை நீட்டத் தொடங்கிவிட்டன. விஷயம் டெல்ஃபியாவின் காதுக்கு எட்டியபோது அவள் ஒரு கணம் யோசித்தாள்.

"உசரமா, ஒடுக்கமா, ஈரத்துல கிழியாத பை. அப்படி ஒரு பை இருக்கு பிரதர். ஆனா எங்க இருக்குன்னு சொன்னா நீங்க என்னைத் திட்டக்கூடாது."

பீச் கிரீக் மதுவிலக்கு மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்ட எல்லைக்கு அப்பால், சரியாகப் பதினெட்டு அடி தள்ளி, 'சிவப்பு நரி மதுக்கடை' இருந்தது. டெல்ஃபியா தன் வண்டியை வாசலிலேயே நிறுத்தினாள். ஆகஸ்ட் மாத வெயிலில் கோட்டுக் காலரைக் காது வரை தூக்கிவிட்டுக்கொண்டு ஹார்லிஸ் உள்ளே போனார். அவருக்கு முன்பாகக் கதவருகே ஒரு குடிகாரன் நின்றிருந்ததால், உள்ளே போவதற்குச் சற்று நேரமாயிற்று.

"எனக்கு நானூறு பை வேணும்மா" என்றார் அவர் தணிந்த குரலில்.

கல்லாவில் இருந்த பெண் சூயிங்கம் மெல்வதை நிறுத்தினாள். "எத்தனை பாட்டில் தாத்தா?"

"பாட்டில் வேண்டாம். பை மட்டும்."

"பை மட்டும்."

"என் சோளத்தை மூடணும். பக்கத்து வீட்டுப் பூந்தூள் வந்து படக்கூடாது."

"சரிதான்." அவள் கனிவோடு அவரைப் பார்த்தாள். "இங்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கு தாத்தா. போன வாரம் ஒருத்தர் பூனைக்கு மருந்துன்னாரு. உங்களுதுதான் இதுவரைக்கும் நான் கேட்டதுல ஒசத்தி."

ஐந்நூறு பைகள் கொண்ட ஒரு கட்டை அவள் எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்த பிறகுதான் ஹார்லிஸ் அச்சைக் கவனித்தார். ஒவ்வொரு பையிலும் ஒரு சிவப்பு நரி, இடக் கையில் புட்டி ஏந்தி, வலக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே, 'தாகத்தோடு மீண்டும் வருக!' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. பையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் பார்த்தார். அடி கிழிந்துவிட்டது. வேறு பை தேடும் வரை பட்டு காத்திருக்காது என்று எண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓர் ஏணியோடு வயலில் இறங்கி நரிகளை மாட்டத் தொடங்கினார்.

அவருடைய நிலம் சாலையை ஒட்டி இருந்தது. அச்சாலை நேரே சபைக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் நானூறு நரிகள் சாலையை நோக்கிக் கண் சிமிட்டின. சனிக்கிழமை காலையில் பாஸ்டர் வெண்டல் வந்தார். நல்ல மனிதர், கடுஞ்சொல் சொல்ல வேண்டியிருந்தால் முதலில் வானிலையைப் பற்றிப் பேசுவார்.

"நாளைக்கு சாயங்காலம் மழைங்கறாங்க பிரதர்."

"ஆமா பாஸ்டர். நனைஞ்சா மகரந்தம் வீணாயிடும்."

"ம்ம். சிஸ்டர் நாடின் ஒரு கணக்கு போட்டிருக்காங்க." நாடின் சபையின் செயலாளர், பியானோவும் அவளே வாசிப்பாள். "நானூறு பை. பைக்கு ஒரு பாட்டில். ஒரு வாரம்னு வெச்சுக்கிட்டா, ஒரு நாளைக்கு அம்பத்தேழு பாட்டில் ஆகுதாம். மனுஷன் நேரா நடக்கறதே பெரிய விஷயம்னு சொல்றாங்க."

"நான் ஒரு பாட்டிலும் வாங்கலே பாஸ்டர்!"

"எனக்குத் தெரியும். ஆனா அந்த நரியை எல்லாரும் பாக்கறாங்க. சின்னப் பசங்க அதே மாதிரி கண்ணடிக்கப் பழகிட்டாங்க. புதன்கெழமை ஜெபக்கூட்டத்துல காணிக்கை எடுக்கறப்போ என்னைப் பாத்தே ஒரு பையன் கண்ணடிச்சான். பையைக் கழட்டிட முடியாதா?"

"ஒரு மணி நேரம் கழட்டினாக்கூட நீலச் சோளத்தோட தூள் வந்து உக்காந்துடும். அப்புறம் மாகர்டு வெள்ளைன்னு ஒண்ணு உலகத்துல இருக்காது."

பாஸ்டர் நெடுநேரம் நரிகளைப் பார்த்தார். நரிகளும் அவரைப் பார்த்தன. "அப்ப மூஞ்சியையாவது அந்தப் பக்கம் திருப்பி வைங்களேன்."

"அந்தப் பக்கம் மெதடிஸ்டு சபைக்காரங்க போற ரோடு இருக்கே பாஸ்டர்."

"அவங்க பாத்தா பரவால்ல" என்றார் பாஸ்டர்.

ஹார்லிஸ் நானூறு நரிகளையும் திருப்பி வைத்தார். அதில் அரை நாள் போயிற்று. ஐம்பது கதிர்களுக்குத்தான் மகரந்தம் தூவ முடிந்திருந்தது. மிச்சம் நூற்றைம்பது கதிர்களிலும் பட்டு முழுதாக வெளிவந்து பைக்குள் காத்திருந்தது. ஞாயிறு மாலை மழை. மகரந்தம் உதிர்வதோ காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை. சபை ஆராதனை சரியாகப் பத்தரைக்கு. தொடக்க ஜெபம் செய்ய வேண்டியவர் மூத்த டீக்கன் மாகர்டு.

ஞாயிறு காலை ஓமா தொப்பி அணிந்துகொண்டு வாசலில் நின்றாள். "ஜெபத்துக்கு நீ வரலேன்னு நான் என்ன சொல்லட்டும்?"

"வயல்ல இருக்கேன்னு சொல்லு."

"வயல்ல இருக்கியா, நரியோட இருக்கியான்னு கேப்பாங்க."

"ரெண்டும்தான்னு சொல்லு."

முப்பத்தொன்பது ஆண்டுகளில் அவர் தவறவிட்ட முதல் ஆராதனை அது. தொப்பியைக் கழற்றி, சபை இருக்கும் திசையில் ஒரு சுருக்கமான ஜெபத்தைச் சொல்லிவிட்டு ஹார்லிஸ் வேலையைத் தொடங்கினார். ஒன்பதரைக்கு டெல்ஃபியா ஓடையைத் தாண்டி வந்தாள். இருவரும் பூக்களை மூடியிருந்த பைகளை உலுக்கி, மகரந்தத்தை, கைப்பிடியைச் சுற்றினால் மட்டுமே உதிரும் ஒரு மாவுச் சலிப்பானில் சேர்த்தனர். மஞ்சள் தூள் சலிப்பான் நிறையத் திரண்டது. பிறகு நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி, கதிர்களை மூடியிருந்த நூற்றைம்பது பைகளிலும் காற்றுக்குப் பறக்காதபடி குத்தி வைத்திருந்த ஊசிகளை எடுத்துவிட்டனர். இனிப் பைகள் பெயருக்குத்தான் கதிர்மேல் நின்றன. மறுபடி வரிசைக்குள் நுழைந்து, ஒவ்வொன்றாகத் தூக்கி, தூவி, மூட வேண்டியதுதான் பாக்கி.

வரிசையின் தொடக்கத்தில் இரண்டு செடிகளுக்கு நடுவே ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய இடைவெளி இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்ந்தனர்.

"நீங்க போங்க சிஸ்டர்."

"ஐயோ, உங்க வயல். நீங்க மொதல்ல."

"கையில சலிப்பான் வெச்சிருக்கீங்க. நீங்க போறதுதான் முறை."

"அப்ப சலிப்பானை நீங்க பிடிங்க."

"சேச்சே, நீங்களே வெச்சுக்கங்க."

இந்தக் கட்டத்தில் மேற்கிலிருந்து காற்று வந்தது.

அது காத்திருக்கவில்லை, எவருக்கும் வழிவிடவுமில்லை. நூற்றைம்பது நரிகள் ஒன்றாக எழும்பி, வரப்பைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கண் சிமிட்டிக்கொண்டே சபையின் பக்கம் பறந்தன. நூற்றைம்பது கதிர்கள் தலைமுடி அவிழ்ந்து நின்றன. ஓடைக்கு அப்பாலோ, டெல்ஃபியாவின் பன்னிரண்டு வரிசைகளின் உச்சியிலிருந்து மெல்லிய மஞ்சள் புகை ஒன்று கிளம்பி, அவசரமில்லாமல் அவர்களை நோக்கி வந்தது. ஹார்லிஸுக்கு நான்கு தலைமுறை மாகர்டுகளும் ஓடைக்கரையில் வரிசையாக நின்று தம்மையே பார்ப்பதைப் போல இருந்தது. ஒருவராவது 'போடா மொதல்ல!' என்று சொல்லமாட்டாரா என்றிருந்தது. அவர்களும் மாகர்டுகள்தான், சொல்லமாட்டார்கள்.

"டெல்ஃபியா!" என்று அலறினார் ஹார்லிஸ். "உன் பூவையெல்லாம் ஒடிச்சுப் போடு!"

அவ்வாக்கியத்தில் 'தயவுசெய்து' இல்லை, 'சிஸ்டர்' இல்லை, 'உங்களுக்குச் சிரமமில்லையென்றால்' இல்லை. அது எங்கிருந்து வந்ததென்று அவருக்கே விளங்கவில்லை. பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தார்.

"அப்பாடா!" என்றாள் டெல்ஃபியா. "வியாழக்கெழமையிலேருந்து கத்தியைத் தீட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்! என்னுது அத்தனையும் பட்டு கருத்து மணி பிடிச்சாச்சு. அந்தப் பூ இனிமே யாருக்கும் வேண்டாம்."

"பின்ன ஏன் சொல்லலே?"

"நீங்கதான் வேண்டவே வேண்டாம்னீங்களே! ரெண்டாவது தடவை கேட்டா நச்சரிக்கறான்னு ஊர்ல பேச மாட்டாங்களா?"

சலிப்பானை அவர் கையில் திணித்துவிட்டு அவள் ஓடையில் இறங்கி ஓடினாள். ஹார்லிஸ் வரிசைக்குள் பாய்ந்து, தூவிக்கொண்டே ஓடினார். அந்நியத் தூள் வருவதற்குள் சொந்தத் தூள் பட்டைப் பிடித்துவிட வேண்டும். முதலில் போய்ச் சேர்ந்த மகரந்தத்துக்கே மணி. வாழ்நாளில் முதல் முறையாக முந்திக்கொள்வதன் அருமை அவருக்குப் புரிந்தது.

சபையில் நடந்ததை ஓமா பிறகு பலமுறை விவரித்தாள். பொறுமையைப் பற்றிப் பாஸ்டர் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். வெக்கைக்காகச் சன்னல்கள் திறந்திருந்தன. முதல் நரி பியானோமேல் வந்து அமர்ந்தது. நாடின் அலறினாள். இரண்டாவது பாஸ்டரின் மார்பில் ஒட்டிக்கொண்டது. பதினேழாவது வந்தபோது ஓமா எழுந்து நின்று, "அத்தனையும் என் வீட்டுக்காரனோட பை! அவனோட சோளம் அம்மணமா நிக்குதுன்னு அர்த்தம்! வாங்க எல்லாரும்!" என்றாள். கதவருகே வழக்கம்போல நெரிசல் ஏற்பட்டது. "நீங்க போங்க", "நீங்க மொதல்ல" என்று முப்பது பேர் நின்றனர். ஓமா சன்னல் வழியாகக் குதித்தாள். அதன் பிறகு எல்லாரும் சன்னல் வழியாகவே வந்தனர். சன்னலுக்கு அப்படிப்பட்ட விதி எதுவும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உடையில் முப்பது பாப்டிஸ்டுகள், டெல்ஃபியா பூக்களை ஒடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஓடையைத் தாண்டி அவளுடைய வரிசைகளுக்குள் புகுந்தனர். கால் மணி நேரத்தில் அறுநூறு பூக்களும் தரையில் கிடந்தன. கழுத்துப்பட்டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு பாஸ்டர் இரண்டு கைகளாலும் ஒடித்தார். "பாஸ்டர், வழியை விடுங்க!" என்று நாடின் அவரை இடித்துத் தள்ளிவிட்டு முன்னே போனாள். அவர் அதிர்ந்து நின்றார். பிறகு அவரும் யாரையோ இடித்தார். மிச்சமிருந்த பைகளைப் பிள்ளைகள் துரத்திப் பிடித்துவந்து கதிர்களுக்கு மாட்டினர். பதினொன்றே காலுக்கு எல்லாம் முடிந்தது. மாலையில் மழை வந்தபோது எல்லா நரிகளும் அதனதன் இடத்தில் நனைந்துகொண்டிருந்தன.

ஆனால் காற்று எவ்வளவு நீலத்தைக் கொண்டுவந்து சேர்த்தது என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை. கதிரைப் போர்த்தியிருக்கும் தாளை உரிக்கும் வரை தெரியவும் வழியில்லை. ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பரும் போயிற்று. ஹார்லிஸ் நான்கு ராத்தல் இளைத்தார். கதிர்களைத் தாளோடு தடவிப் பார்ப்பார். காதருகே வைத்துக் கேட்பார். நீலமா வெள்ளையா என்பது காதுக்குத் தெரியாது என்று ஓமா பலமுறை சொல்லியும் அவர் அதை நிறுத்தவில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம், கொட்டகையில் ஒரு நீண்ட மேசையைப் போட்டு, இருநூறு கதிர்களையும் அடுக்கினார்கள். ஓமாவும் டெல்ஃபியாவும் இரு பக்கமும் அமர்ந்தனர். பாஸ்டர் விசாரிக்க வந்தவரைப் போல வந்து, போகாமல் நின்றார். ஹார்லிஸ் முதல் கதிரின் தாளைக் கிழித்தார். வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. முப்பத்தெட்டாவதில், வெள்ளை மணிகளுக்கு நடுவே, மைத்துளியைப் போல ஒரு நீல மணி. அவர் அக்கதிரைத் தனியே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

உரித்து முடித்தபோது தனியே வைத்தவை பதினொன்று. நூற்றெண்பத்தொன்பது கதிர்கள் பால் வெள்ளை. பத்து இருபது போனாலும் தாங்கும் என்று அலுவலகத்துப் பெண் சொல்லியிருந்ததை ஹார்லிஸ் உரக்க மூன்று முறை சொன்னார். பிறகு அமர்ந்துகொண்டார். மாகர்டு வெள்ளை பிழைத்துக்கொண்டது.

டெல்ஃபியா அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "நீல மணி மொத்தம் இருபத்தாறு இருக்கு. அதெல்லாம் என் வீட்டுப் பூவோட வேலை. முறைப்படி பாத்தா என்னுது. ஓடை தாண்டி வந்து உங்க வீட்டுல உக்காந்திருக்கு, அவ்வளவுதான். நான் நோண்டி எடுத்துக்கட்டுமா பிரதர்?"

அவள் சிரிக்காமல்தான் கேட்டாள். ஓமா நிமிர்ந்து பார்த்தாள். பாஸ்டரும் பார்த்தார். 'ஐயோ, தாராளமா எடுத்துக்கங்க, கதிரோடவே எடுத்துக்கங்க, கூடையையும் வெச்சுக்கங்க' என்று ஹார்லிஸ் சொல்லப்போவது எல்லாருக்கும் தெரியும். அவருடைய வாயும் அதற்காகத் திறந்தது.

"முடியாது" என்றார் ஹார்லிஸ்.

பதினொரு கதிர்களையும் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"என் கதிர்ல விளைஞ்சது என்னுது. நாளைக்கே மாவாக்கி ரொட்டி சுட்டுத் திங்கப்போறேன். வேணும்னா வந்து சாப்பிடு. கூப்பிடறது ஒரு தடவைதான், வரலேன்னா விட்டுடுவேன்."

"வரேன்" என்றாள் டெல்ஃபியா உடனே, ஒரு மறுப்பும் சொல்லாமல். "வெண்ணெய் நெறைய வெச்சுடுங்க."

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் திகைப்போடு பார்த்துக்கொண்டனர். ஹார்லிஸின் முகம் மெல்ல மலர்ந்தது. 'முடியாது' என்ற சொல்லின் சுவை இன்னும் அவருடைய நாக்கில் இருந்தது.

"பிரதர் ஹார்லிஸ்," என்று தொடங்கினார் பாஸ்டர், "அந்த வெள்ளைக் கதிர்ல சபைக்குன்னு ஒரு ரெண்டு கூடை…"

"முடியாது" என்றார் ஹார்லிஸ் ஆனந்தமாக.

"ஹார்லிஸ், இந்தக் கூடையைக் கொஞ்சம் அப்படி நகர்த்து" என்றாள் ஓமா.

"முடியா…"

ஓமா நிமிர்ந்து பார்த்தாள். அவர் எழுந்துபோய்க் கூடையை நகர்த்தி வைத்தார்.